மனுவில் எழுதாத மூன்று நாட்கள்

சேலத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் வக்கீலின் அலுவலகம். என் கணவரால் அந்தப் படிகளை ஏற முடியாது. மருந்துக்கடைக்காரர் போட்டுக்கொடுத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் மேலே போயிருந்தேன். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டிய மனுவை வக்கீல் ஒவ்வொரு பத்தியாகப் படித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்ட பன்னிரண்டாம் நாள் என் கணவருக்குக் கால்கள் விழுந்துபோனது, ஐசியூவில் கிடந்தது, பாதங்கள் இன்னும் சரியாகத் தூக்க வராதது, ஜீப் ஓட்டும் தொழில் போனது, அதற்கு அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்பது. எல்லாம் நடந்தபடியே இருந்தது. ஆறாவது பத்திக்கு வந்ததும் அவரை நிறுத்தச் சொன்னேன்.

ஊசி போடுவதற்கு முன்பு கிராம செவிலியர் என் கணவரின் உடல்நிலை பற்றி எதையுமே விசாரிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. செவிலியரின் பெயரும் இருந்தது.

"இது அப்படி இல்லைங்க சார். நர்ஸக்கா கேட்டாங்க" என்றேன்.

"கேட்டாங்கன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பக்கத்து மேசையில பேர் எழுதிக்கிட்டு இருந்தது நாந்தானுங்க."

வக்கீல் பேனாவை மூடினார். "அம்மா, ஊசியாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்கிறது சாதாரண விஷயம் இல்ல. கவனக்குறைவுன்னு ஒண்ணு இருந்தாத்தான் கேஸுக்குப் பலம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. அந்த அக்கா கேட்டது, என் கணவர் பதில் சொன்னது, அப்போது நான் குனிந்துகொண்டது எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. வக்கீலிடம் நான் சொன்னது அதில் பாதிதான்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் எங்கள் வீடு. நான் அங்கன்வாடி டீச்சர். கணவர் ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டார்கள். ஆட்களைத் திரட்டும் வேலை எங்களுக்கு. எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடந்து நடந்து என் குதிகால் வெடித்தது. காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டவர்களைக்கூடப் பேசிப் பேசிக் கூட்டிவந்தேன். "எங்க ஊட்டுக்காரரும் போட்டுக்கறாருங்க, பயப்படாம வாங்க" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

முகாமுக்கு முந்தைய வாரம் மஞ்சக்குட்டையில் ஒரு காதுகுத்து விருந்து. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர் அங்கேயே சாப்பிட்டார். மறுநாளிலிருந்து வயிற்றுப்போக்கு. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரும் மோரும் கொடுத்தேன். விருந்து வீட்டார் காதுக்குப் போனால் மனசு சங்கடப்படுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை. நின்ற பிறகு இரண்டு நாள் வண்டி ஓட்டினார். பிறகு முகாம் வந்தது.

"இந்த ஒரு மாசத்துல காய்ச்சல், கீய்ச்சல், வேற தொந்தரவு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" நர்ஸக்கா எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்.

அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வரிசையில் அவர் பின்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். உடம்பு சரியில்லை என்று அவர் எழுந்து போனால் அதில் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார். நான் அடுத்தவரின் ஆதார் எண்ணை எழுதக் குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கால் விரல்கள் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குளிர் என்று நினைத்தோம். பதினொரு மணிக்கு ஜீப் நிறைய ஆட்களோடு ஒரு இறக்கத்தில் வரும்போது இடது கால் கிளட்ச்சை அழுத்தவில்லை. பிரேக்கிலும் கால் நிற்கவில்லை. கைபிரேக்கைப் பிடித்து இழுத்து, வண்டியை மண் மேட்டோரம் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் எல்லோரும் இறங்கிய பிறகு அவரால் மட்டும் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் மரப்பு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய நரம்புகளையே தாக்கும் நோய் என்று சொன்னார். மூச்சு விடும் தசைகள் வரை போகலாம், அதனால் ஐசியூவில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். பிறகு நின்றபடியே கேட்டு எழுதிக்கொண்டார்.

"சமீபத்துல காய்ச்சல்?"

"இல்லைங்க."

"வயித்துப்போக்கு?"

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. உடம்பு சரியில்லாத மனுசனை நீயே கூட்டிப்போய் ஊசி போடவைத்தாயா என்று கேட்டுவிடுவார் என்று பட்டது. நான்தான் அவரை இப்படிப் படுக்கவைத்தேன் என்று பட்டது. வாய் தானாக "இல்லைங்க" என்றது.

"தடுப்பூசி ஏதும் போட்டாரா?"

"போட்டாருங்க. பன்னெண்டு நாள் ஆச்சுங்க."

அவர் எழுதிக்கொண்டார். அந்தத் தாள்தான் பிறகு எங்கள் வழக்குக்கே அடிப்படை ஆனது.

ஒன்பது நாள் ஐசியூவில் இருந்தார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே ஏதாவது மணி அடித்தால் அது அவருடைய படுக்கையா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். செயற்கை சுவாசம் வைக்காமலே தப்பித்தார். ஒன்றரை மாதம் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கைகளில் பலம் திரும்பியது. முழங்காலும் மெல்லத் திரும்பியது. பாதங்கள் மட்டும் தொங்கின, இடது பாதம் அதிகமாக. பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செருப்புக்குள் வைத்துக் கட்டினால்தான் தடுக்கி விழாமல் நடக்க முடியும். மலையில் எங்கே சமதரை இருக்கிறது? வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே பதினாறு படி.

ஆஸ்பத்திரிக்கே வந்து ஊசிக்குப் பின் வந்த பாதிப்பு என்று படிவம் எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பியது அந்த நர்ஸக்காதான். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. அந்தப் படிவத்தின் நகலை வைத்துத்தான் அரசிடம் உதவி கேட்டு மனு அனுப்பினோம். இதற்கென்று தனியாகத் திட்டம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் வக்கீல்.

மாடியிலிருந்து இறங்கிவந்து கணவரிடம் ஆறாவது பத்தியைச் சொன்னேன். பிளாஸ்டிக் பட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா கேட்டாங்கல்ல புள்ள. அது எப்படி கேக்கலன்னு எழுதுறது?"

"அது இல்லைன்னா கேஸு நிக்காதுங்கறாருங்க."

"நிக்காட்டிப் போகட்டும். எனக்கு எதனால வந்துச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் ஒழுங்காப் பாத்துச் சொல்லோணும். அதுக்குத்தான் வந்தேன். அந்தம்மா சோத்துல மண்ணப் போடவா வந்தேன்?"

மறுபடியும் மாடி ஏறி அதைச் சொன்னேன். வக்கீல் சலித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர், அந்தப் பத்தியை அடித்துவிட்டார். அவர் அடித்த அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. எதனால் வந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும் என்று என் கணவர் சொன்னாரே, அந்த வார்த்தை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அந்த நோய் வயிற்றுப்போக்குக்குப் பிறகும் வரும் என்று ஐசியூ வாசலில் இன்னொரு டாக்டர் யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருந்தேன். என் கணவருக்கு அந்த மூன்று நாட்கள் ஞாபகம் இருக்கிறதா, மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். கேட்டால், ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்பார்.

வழக்குப் போட்ட செய்தி எப்படியோ மலைக்கு மேலே எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. முதல் அடி அங்கன்வாடியில் விழுந்தது. தட்டம்மை ஊசிக்குக் குழந்தைகளைக் கூட்டிவரும் நாள். பத்துப் பேர் வரவேண்டிய இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். மிளகுக் காட்டில் வேலை செய்யும் ஒரு பெண், ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டுல ஊசியால கால் போச்சுன்னு கேஸு போட்டிருக்கீங்க. எங்க புள்ளைக்கு மட்டும் போடச் சொல்றீங்க. இது என்ன நாயமுங்க?"

அது வேறு ஊசி, இது வேறு, அவருக்கு வந்தது லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது, தட்டம்மை வந்தால் குழந்தை என்ன பாடுபடும் என்று சொல்லத் தெரியாதவள் இல்லை நான். வருசக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் குரலை நானே நம்பவில்லை. நர்ஸக்காதான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். கடைசியில் போட்டுக்கொண்டாள். மீதி ஆறு வீட்டுக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தோம். வழியில் சில்வர் ஓக் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அக்கா கேட்டார்.

"எம் பேரு அதுல இருக்குதா கண்ணு?"

"இல்லைங்கக்கா. எடுத்தாச்சுங்க."

"எடுத்தாச்சுன்னா, மொதல்ல இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன். மழை நின்றதும் முன்னால் நடந்துபோனார். அன்று முழுக்க அவர் என்னோடு நேராகப் பேசவே இல்லை. எத்தனை வருசம் இந்த வேலையில் இருக்கிறார், ஒரு வரியில் எல்லாம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் முதுகைப் பார்த்து நடந்தேன்.

எட்டு மாதம் கழித்து, மருத்துவக் குழு என் கணவரைப் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும் என்று கோர்ட் சொன்னது. சேலத்தில் வைத்துப் பரிசோதனை. காலை பஸ்ஸில் புறப்பட்டோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய இடது தொடை தானாக மேலே எழுந்து கீழே அழுந்தியது. டிரைவர் கிளட்ச் மிதிக்கிற அதே நேரத்துக்கு. பாதம் மட்டும் கூட வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வர என்னால் முடியவில்லை.

"ஏனுங்க, அந்தக் காதுகுத்துக்குப் போயிட்டு வந்து மூணு நாளு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு வரேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஞாபகம் இருக்குதுங்களா?"

"எப்படி மறக்கும்? நீ மறந்துட்டயோன்னு நெனச்சேன். எடுத்துச் சொன்னா, சொல்லாம விட்டமேன்னு நீ உடைஞ்சு போயிருவேன்னு சும்மா இருந்தேன்."

இரண்டு வருசம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு, அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நானும் எனக்கு ஞாபகம் இருக்காது என்று அவரும் இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னது நான்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அது அவருக்குத் தெரியாது.

அடிவாரத்தை நெருங்கும்போது சொன்னார்: "இப்பச் சொன்னா கேஸு போயிரும்."

"ஆமாங்க."

"சொல்லாட்டி, நாளைக்கு இருந்த ஒண்ண மறைச்சுத்தானே வாங்குனோம்னு இருக்கும். வேண்டாம் புள்ள. அவங்க கேட்டாச் சொல்லிப்புடலாம். கேக்காட்டியும் சொல்லிப்புடலாம்."

கேட்டார்கள். குழுவில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெண் டாக்டர், கணவரின் கால்களைப் பிடித்து அழுத்தி, ஊசியால் குத்தி உணர்ச்சி பார்த்து முடித்த பிறகு, தடுப்பூசிக்கு முந்தைய ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டார். என் கணவர் காதுகுத்து விருந்திலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொன்னார்.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "கேஸ் ஷீட்ல வயித்துப்போக்கு இல்லைன்னு இருக்குதே?"

"நான்தானுங்க அப்படிச் சொன்னேன்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சுங்க."

அவர் திட்டவில்லை. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார். எழுதி முடிக்கும்வரை எங்களை உட்காரச் சொன்ன பெஞ்சில் இருவராலும் நுனியில்தான் உட்கார முடிந்தது. பொய் சொன்னதற்கு என்மேல் ஏதாவது நடவடிக்கை வருமா, என் வேலை போகுமா என்று ஜெயில் வரைக்கும் என் புத்தி ஓடியது.

வக்கீல் போனில் கத்தினார். "அவங்களே கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லலாமில்லம்மா?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "சரி விடுங்க, என்கிட்டயாவது முன்னாலயே சொல்லியிருக்கோணும்" என்றார். அது நியாயம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

குழுவின் அறிக்கை வருவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. போஸ்ட்மேன் டூவீலர் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். வந்த அறிக்கையை வக்கீல் விளக்கினார். ஊசியால் வந்திருக்கலாம், வயிற்றுத் தொற்றால் வந்திருக்கலாம், நோயாளியின் விஷயத்தில் இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வயிற்றுத் தொற்றுக்குப் பிறகு இந்த நோய் வருவதே அதிகம். அவ்வளவுதான். அதன் அடிப்படையில், ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகாததால் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளி என்ற முறையில் அவருக்குக் கிடைக்கவேண்டிய உதவிகளைத் தாமதிக்காமல் பரிசீலிக்கவேண்டும் என்றும் சொன்னது. சில மாதங்களில் அடையாள அட்டையும் மாதாந்திர உதவித்தொகையும் வந்தன. மேல்முறையீடு செய்யலாமா என்று வக்கீல் கேட்டார். வேண்டாம் என்று என் கணவர்தான் சொன்னார்.

"தோத்துட்டமேன்னு இருக்குதுங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எதனாலன்னு தெரியும்னு நெனச்சுப் போனேன். பாத்தவங்களுக்கே தெரியலன்னு தெரிஞ்சுச்சு. ஊசிதான்னு சொல்லியிருந்தா யாரையாச்சும் திட்டிக்கிட்டாவது இருப்பேன்" என்றார்.

நர்ஸக்காவிடம் நானே போனேன். மூன்று நாள் வயிற்றுப்போக்கை மறைத்ததையும், குழுவின் முன்னால் அதைச் சொன்னதையும் சொன்னேன். அவர் மருந்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நின்னு போயிருச்சா அன்னிக்கு? காய்ச்சல் இருந்துச்சா?"

"காய்ச்சல் இல்லைங்கக்கா. நின்னு ரெண்டு நாள் ஆயிருந்துச்சுங்க."

"அப்படின்னா நீ சொல்லியிருந்தாலும் நான் போட்டுத்தான் இருப்பேன் கண்ணு. வயித்தால போய் நின்னவங்களுக்குப் போடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. இதையா இத்தன நாளு நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊசி மேசையில் நான் குனிந்துகொண்டது எதையும் மாற்றியிருக்காது. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் மட்டும் பொய்தான், அதை அக்காவும் இல்லை என்று சொல்லவில்லை. "நொம்ப பெரிய தப்பு அது. வைத்தியம் மாறலைங்கறதனால பொழச்சோம்" என்றார். பிறகு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். ஆனாலும் பழைய மாதிரி அவர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச இன்னும் ஒரு வருசம் ஆயிற்று.

என் கணவர் இப்போது ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக இருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை. ஜீப் வேறு ஒருவரிடம் ஓடுகிறது.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஏற்காட்டில் பாதிப் பேருக்கு இருந்தது. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. எனக்கு இறங்கவில்லை. ஒரு மாதம் தினமும் காலையில் அவர் டீ குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து, கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். "தெரியுதுங்களா? இது தெரியுதுங்களா?" முதலில் சிரித்தார். பிறகு எரிச்சல்பட்டார். அதற்கும் பிறகு, நான் கேட்கும் முன்பே "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினார்.